விமான நிலைய விரைவு ரயிலா, நகரத்தின் சாதாரண ரயிலா: ஒரு மதிப்பீடு

பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலைய வாசலுக்கு வரும் பயணியின் கண்ணில் முதலில் படுவது, பெரும்பாலும், அந்த ஊரிலேயே கட்டணம் அதிகமான ரயிலின் விளம்பரப் பலகைதான். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்தோ பக்கத்து நடைமேடையிலிருந்தோ நகரத்து மக்கள் அன்றாடம் வேலைக்குச் சென்றுவரும் சாதாரண ரயிலும் புறப்படுகிறது; அதற்கான பலகை சிறியதாகவும் சற்று ஒதுங்கியும் இருக்கும். குறைந்த செலவில் விடுதிக்குப் போய்ச் சேர விரும்புபவருக்கு இந்த இரண்டில் எது பயன்படும் என்பதை, நான் நன்கு அறிந்த சில நகரங்களின் சேவைகளைக் கொண்டு மதிப்பிடுகிறேன். விமான நிலையத்தின் வாசலிலிருந்து தங்குமிடத்தின் வாசல் வரை ஆகும் மொத்தச் செலவையும் மொத்த நேரத்தையுமே அளவுகோலாகக் கொள்கிறேன். ரயில் ஓடும் நிமிடங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் விரைவு ரயில்தான் எப்போதும் வெல்லும். ரயிலை விட்டு இறங்கிய பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் தூரமும், அங்கிருந்து வேறு வண்டிக்கு மாறும் செலவும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இந்த வேறுபாட்டை லண்டன் ஹீத்ரோவில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். அங்கிருந்து மூன்று வகை ரயில்கள் நகருக்குள் செல்கின்றன: 1977ஆம் ஆண்டிலிருந்து முனையங்களுக்கு வந்துபோகும் பிக்கடில்லி சுரங்க ரயில், 1998இல் தொடங்கிய ஹீத்ரோ எக்ஸ்பிரஸ், 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதை. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 2, 3ஆம் முனையங்களிலிருந்து வழியில் எங்கும் நிற்காமல் 15 நிமிடத்தில் பாடிங்டன் ரயில் நிலையத்தை அடைகிறது. ரயில் தூய்மையாகவும் வசதியாகவும் இருக்கிறது. பெட்டி வைக்கத் தனி அடுக்குகள் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றே வாங்கும் பயணச்சீட்டின் விலை பிக்கடில்லி கட்டணத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. நாளும் நேரமும் முன்பே உறுதியானவர்களுக்கு முன்பதிவில் சலுகை கிடைக்கிறது என்பது உண்மைதான். அப்படியே வாங்கினாலும் அந்த ரயில் பாடிங்டனோடு நின்றுவிடுகிறது. விடுதி அந்த நிலையத்துக்கு அருகிலேயே இல்லாவிட்டால், அங்கிருந்து இன்னொரு சுரங்க ரயிலுக்கு இன்னொரு கட்டணம் கொடுக்க வேண்டும்.

பிக்கடில்லி பாதையின் சிறப்பு அது போகும் வழியில்தான் இருக்கிறது. ஏர்ல்ஸ் கோர்ட், குளோஸ்டர் ரோடு, சவுத் கென்சிங்டன், ரஸ்ஸல் ஸ்குயர், கிங்ஸ் கிராஸ் என்று சிறிய விடுதிகளும் மாணவர் தங்குமிடங்களும் நெருக்கமாக உள்ள பகுதிகளை ஒரே ரயில் தொட்டுச் செல்கிறது. பிக்கடில்லி சர்க்கஸை அடைய ஏறத்தாழ 50 நிமிடம் ஆகும். விக்டோரியா பக்கம் தங்குபவர்கள் ஹாமர்ஸ்மித்திலோ பேரன்ஸ் கோர்ட்டிலோ இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கத்தில் வரும் டிஸ்ட்ரிக்ட் பாதை ரயிலில் ஏறிக்கொள்ளலாம். படியும் இல்லை, நீண்ட நடைவழியும் இல்லை. பெரிய பெட்டியோடு வருபவருக்கு இந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவு பெரிய உதவி என்பது, சுரங்க நிலையங்களில் படிக்கட்டில் பெட்டியைத் தூக்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். குறைகளும் உண்டு. பழைய சுரங்கத்துக்கு ஏற்ப வளைந்த தாழ்ந்த கூரை கொண்ட பெட்டிகள் என்பதால் தலைக்கு மேல் சாமான் அடுக்கு கிடையாது. கதவோரம் உள்ள காலி இடத்தில் பெட்டியை நிறுத்தி, முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஹீத்ரோவில் ஏறுபவருக்குப் பெரும்பாலும் இருக்கை கிடைத்துவிடும். காலை வேலை நேரத்தில் ஹாமர்ஸ்மித்தை நெருங்கும்போது நிற்கவும் இடம் இருக்காது.

எலிசபெத் பாதை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கட்டணம் பிக்கடில்லியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் குளிரூட்டிய அகன்ற பெட்டிகள், எல்லா நிலையங்களிலும் தெருவிலிருந்து நடைமேடை வரை படியேறாமல் செல்லும் வசதி, பாடிங்டனோடு நிற்காமல் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, ஃபாரிங்டன், லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை நேராகப் போகும் வழி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கூடுதல் தொகை நியாயமானதாகவே தோன்றுகிறது. முழங்கால் வலி உள்ள பெற்றோருடனோ கைக்குழந்தையுடனோ வருபவர்களுக்கு நான் இதையே சொல்வேன். தனியாக, ஒரு பையோடு வருபவருக்குப் பிக்கடில்லி போதும்.

விரைவு ரயிலுக்குக் கொடுக்கும் பணம் வேறு சில நகரங்களில் இன்னும் குறைவான பயனையே தருகிறது. வியன்னாவின் சிட்டி ஏர்போர்ட் ட்ரெயின் 16 நிமிடத்தில் வீன் மிட்டே நிலையத்தை அடைகிறது. எஸ்7 என்ற சாதாரண புறநகர் ரயிலும் அதே நிலையத்துக்கே வருகிறது. பத்து நிமிடம் போலத்தான் கூடுதலாக ஆகிறது, கட்டணமோ பாதிக்கும் குறைவு. ஆஸ்லோவில் ஃப்ளைடோகெட் விரைவு ரயிலும் தேசிய ரயில் நிறுவனத்தின் வட்டார ரயிலும் ஒரே மத்திய நிலையத்துக்கு ஓடுகின்றன. நேர வேறுபாடு சில நிமிடங்களே. வட்டார ரயில் அடிக்கடி புறப்படாது என்பதால், அடுத்த ரயில் எப்போது என்பதைப் பலகையில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

எல்லா இடத்திலும் மலிவான ரயில் அதே இடத்துக்குப் போய்விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரோம் ஃபியுமிச்சினோவிலிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் டெர்மினி நிலையத்துக்குச் செல்கிறது. எஃப்எல்1 என்ற வட்டார ரயில் டெர்மினியைத் தொடாமலே திராஸ்தேவரே, ஒஸ்தியென்சே, திபுர்தினா வழியாகப் போகிறது. விடுதி டெர்மினி அருகே என்றால், எஃப்எல்1இல் வந்து ஒஸ்தியென்சேயில் மெட்ரோவுக்கு மாற வேண்டியிருக்கும். மிச்சமாகும் பணத்துக்கு அந்த அலைச்சல் தேவையா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். திராஸ்தேவரே பகுதியில் தங்குபவருக்கோ விரைவு ரயிலில் டெர்மினி வரை போய்த் திரும்பி வருவது பணத்துக்கும் வீண், நேரத்துக்கும் வீண். விடுதியை முன்பதிவு செய்யும் முன்னரே, விமான நிலைய ரயில் எந்தெந்த நிலையங்களில் நிற்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். மலிவான அறை மலிவான ரயிலிலிருந்து எட்டத்தில் இருந்தால், மிச்சம் பிடித்தது எல்லாம் வாடகைக் காருக்குப் போய்விடும்.

பேருந்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஹாங்காங்கில் அது பெரிய இழப்பு. அங்குள்ள விமான நிலைய விரைவு ரயில் 24 நிமிடத்தில் ஹாங்காங் நிலையத்தை அடையும் அருமையான சேவைதான். ஆனாலும் சிறு விடுதிகள் நிறைந்த நேதன் சாலைக்கு அதன் கவ்லூன் நிலையம் சற்றுத் தள்ளியே இருக்கிறது. ஏ21 பேருந்தோ மாங் காக், யாவ் மா தே, ஜோர்டான், சிம் ஷா சுய் என்று அந்தச் சாலை நெடுகிலும் நின்று நின்று போகிறது. ரயிலைவிட நேரம் அதிகம், கட்டணம் பாதிக்கும் குறைவு, இறங்கிய இடத்திலிருந்து விடுதிப் படிக்கட்டு சில நிமிட நடை. மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தால், பாலங்களையும் துறைமுகத்தையும் பார்த்துக்கொண்டே ஊருக்குள் நுழையலாம். அங்கு நான் ரயிலைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சில ஊர்களில் சாதாரண ரயிலுக்கும் விமான நிலையத்தில் ஏறினால் தனிக் கட்டணம் உண்டு. சிட்னியில் 2000ஆம் ஆண்டு திறந்த விமான நிலைய ரயில் நிலையங்களையும், ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா நிலையத்தையும் தனியார் முதலீட்டோடு கட்டியதால், அந்தச் செலவை ஈடுகட்ட நிலையத்தைக் கடப்பதற்கே ஒரு தொகை வாங்குகிறார்கள். ஸ்டாக்ஹோமில் 583 எண் பேருந்தில் மார்ஷ்டா வரை போய் அங்கிருந்து புறநகர் ரயில் பிடித்தால் அந்தத் தொகையைத் தவிர்த்துவிடலாம். நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் ஏர்ட்ரெயின் என்ற இணைப்பு ரயில் முனையங்களுக்குள் இலவசம். சுரங்க ரயிலுக்கு மாறும் ஜமைக்கா நிலையத்திலோ ஹோவர்ட் பீச் நிலையத்திலோ வெளியேறும்போது கட்டணம் கேட்கும், சுரங்க ரயிலுக்கு அதற்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டும். அதே நகரின் லகார்டியா விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. க்யூ70 பேருந்து இலவசமாகவே சுரங்க ரயில் நிலையத்தில் கொண்டுவிடுகிறது.

பாரிசில் 2025 ஜனவரி முதல் விமான நிலையத்துக்கென்று ஒரே விலையில் தனிப் பயணச்சீட்டு இருக்கிறது. அது சாதாரண மெட்ரோ சீட்டைப்போல் பல மடங்கு என்பதால், நகரில் நான்கைந்து நாள் தங்குபவர்கள் வாராந்திர நவிகோ அட்டையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். அது விமான நிலைய ரயிலையும் உள்ளடக்கியது. அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடிவதால், வெள்ளிக்கிழமை வந்திறங்குபவருக்கு அது இலாபம் தராது.

நள்ளிரவுக்குப் பின் தரையிறங்குபவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. பிக்கடில்லி ரயில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டுமே விடிய விடிய ஓடுகிறது. மற்ற இரவுகளில் என்9 பேருந்துதான் துணை. பாரிசில் ஆர்இஆர் என்ற புறநகர் ரயில் நின்ற பிறகு நாக்டிலியன் இரவுப் பேருந்துகள் ஓடுகின்றன. மூன்று நான்கு பேர் சேர்ந்து அந்த நேரத்தில் வந்தால், வாடகைக் கார்க் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்வது விரைவு ரயிலைவிட மலிவாகவும் அமையலாம். அதையும் தயங்காமல் ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரும்பும் பயணத்தில் லண்டனுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. மேற்கு நோக்கிச் செல்லும் எல்லாப் பிக்கடில்லி ரயில்களும் ஹீத்ரோவுக்குப் போவதில்லை. ஆக்டன் டவுனில் பாதை பிரிகிறது. ஹீத்ரோ போகும் ரயில்களிலும் சில 4ஆம் முனையத்துக்கும் சில 5ஆம் முனையத்துக்கும் செல்கின்றன. நடைமேடைப் பலகையில் உங்கள் முனைய எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். தவறான முனையத்தில் இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம்: முனையங்களுக்கு இடையே எலிசபெத் பாதையிலும் ஹீத்ரோ எக்ஸ்பிரஸிலும் கட்டணம் இல்லை.