கையில் கொடுத்த லேப்டாப்பும் வகுப்பில் வைத்த லேப்டாப்பும்

என் தங்கை தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள கோபாலபுரத்தில் குடியிருக்கிறாள். வீடு தமிழ்நாட்டில், மாப்பிள்ளை வேலை பார்க்கும் தென்னந்தோப்பு கேரளத்தில். அவள் மகள் வரும் ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். எந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு செய்ய முடியாமல் போன வாரம் என் கடைக்கே வந்துவிட்டாள். “தமிழ்நாட்டில் மறுபடியும் லேப்டாப் கொடுக்கிறார்களாமே அண்ணா, அங்கேயே போட்டுவிடட்டுமா?” என்று கேட்டாள்.

முதலில் ஒரு திருத்தம் சொன்னேன். 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது கல்லூரி மாணவர்களுக்கு. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்பது அந்த அறிவிப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளை அந்த வரிசைக்கு வர ஐந்து வருடமாவது ஆகும். அதற்குள் எத்தனை தேர்தல், எத்தனை அறிவிப்பு. ஆனால் அவள் கேட்டதில் இருந்த பெரிய கேள்வி அப்படியே நின்றது. பிள்ளை கணினி பழக எந்தப் பக்கம் நல்லது?

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. கேரளப் பக்கத்து எல்லை ஊரான வேலந்தாவளத்தில் பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். செக்போஸ்ட்டின் இருபுறத்துப் பிள்ளைகளும் பிரிண்ட் எடுக்க வருவார்கள். அதைவிட முக்கியம், என் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு மாநிலத்தில் படித்தவர்கள். மகன் பிச்சனூர் பக்கம் அம்மாயி வீட்டில் பிறந்து வளர்ந்தவன்; பெயரும் அந்த ரேஷன் கார்டில்தான். பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில். மகள் எங்களோடு இருந்து கேரளத்துத் தமிழ் வழிப் பள்ளியில் படித்தாள். மலையாளம் ஒரு பாடமாக வருமே, சாதிச் சான்றிதழ் எந்த ஊரில் வாங்குவது, பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் எல்லையில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

மகனுக்கு 2014 தொடக்கத்தில் லேப்டாப் வந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம் அது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் என்று 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கிறது. இந்தியாவில் வேறெந்த மாநிலமும் அந்த அளவில் கொடுத்ததில்லை என்றே நினைக்கிறேன். கொள்முதல் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் வேலை. மூடியில் அரசு முத்திரை, உள்ளே விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஒரு பக்கம். கூடவே முதல்வர் படம் போட்ட பையும் தந்தார்கள்.

அன்றைக்கு அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் கணினி கடைக்கு வந்தது, அது தொழிலுக்கு. ஒரு பிள்ளைக்கென்று, அவன் பெயரில், யாரிடமும் கேட்காமல் திறக்கலாம் என்று வந்தது அதுதான். இரவு பதினோரு மணிக்கு அவன் எதையோ தட்டிக்கொண்டிருப்பான். அதில் பாதி சினிமா. மீதிப் பாதியில் டேலி என்ற கணக்கு மென்பொருள் கற்றுக்கொண்டான். இன்று கோவையில் கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறான் என்றால் அதற்கு அந்த லேப்டாப்புக்கும் பங்கு உண்டு.

ஆனால் வாரண்டி ஓராண்டு. பதினாலாவது மாதம் பேட்டரி படுத்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதற்கு 1,900 ரூபாய். அடுத்தது கீல். இந்த வகை இயந்திரங்களில் கீலைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னஞ்சிறு பித்தளை மரைகளில் நிற்கின்றன. ஒரு கையால் மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து, ஒரு நாள் மரை பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். திறக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் ஆயுள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். பசை போட்டு ஒட்டிப் பார்த்தோம்; நிற்கவில்லை. மேல்மூடியோடு சேர்த்து மாற்ற 1,400. அடாப்டர் 650. கடைசியாக ஹார்ட் டிஸ்க் 2,800. மொத்தம் 6,750 ரூபாய். ஒவ்வொரு முறையும் கோவைக்கு உக்கடம் பஸ் பிடித்து, அங்கிருந்து காந்திபுரம் சர்வீஸ் சென்டருக்குப் போய், ‘இரண்டு நாள் கழித்து வாருங்கள்’ என்ற பதிலோடு திரும்பிய பஸ் டிக்கெட் இந்தக் கணக்கில் இல்லை. விலையில்லா மடிக்கணினி என்ற பெயரை அப்போதெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

நான் கடைக்காரன், எப்படியோ புரட்டிவிட்டேன். பேட்டரிக்கு 1,900 ரூபாய் என்றதும் பேசாமல் திரும்பிப் போன பெற்றோர்களை என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பல நாள் கூலி. அந்த லேப்டாப் பீரோவுக்கு மேலே பையோடு ஏறிவிடும். விற்கவும் முடியாது, கூடாது என்பது விதி. மூடியிலுள்ள முத்திரையைச் சுரண்டித் தர முடியுமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. முடியாது என்று அனுப்பிவிடுவேன். அப்படிச் சுரண்டியதை வாங்குகிறவனும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான்.

இன்னொன்று, அது கைக்கு வந்த நேரம். பிளஸ் டூ ஆண்டில், பொதுத்தேர்வு நெருங்கும்போது வந்த பொருளைப் பள்ளியில் எதற்கும் பயன்படுத்தச் சொல்லவில்லை. கணினி அறிவியல் எடுத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அதில் செய்து காட்ட வேண்டிய பாடமும் இல்லை, தேர்வும் இல்லை. பள்ளியை விட்டுப் போன பிறகும் கிடைக்கவில்லை என்று 2019இல் பழைய மாணவர்கள் போராடியதும் நடந்தது. அதற்கடுத்து திட்டமே நின்றுபோயிற்று.

இனி கேரளப் பக்கம். இங்கே என் சாய்வை மறைக்கப்போவதில்லை.

கேரளம் பள்ளிப் பிள்ளை எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுக்கும் வழிக்கே போகவில்லை. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018 முதல் 4,752 பள்ளிகளில், எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை 45,000 வகுப்பறைகளில், வகுப்புக்கு ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், ஸ்பீக்கர் என்று வைத்தார்கள். இது போக ஐ.டி. லேப் தனி. என் மகள் எட்டாம் வகுப்பில் நுழைந்தது அந்த ஆண்டுதான். முதல் நாள் வந்து, “எங்கள் கிளாசுக்கு லேப்டாப் வந்திருக்கிறது அப்பா” என்றாள். உனக்கா என்று கேட்டேன். இல்லை, கிளாசுக்கு என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம்தான். இவள் அண்ணனுக்குக் கையில் கொடுத்தார்களே என்று தோன்றியது.

அந்த எண்ணம் மாற ஓராண்டு ஆயிற்று. மாற்றியது ஒரு கெட்டுப்போன லேப்டாப்.

அவள் வகுப்பு லேப்டாப்பில் படம் வராமல் போயிருக்கிறது. ஆசிரியர் கைட் இணையதளத்தில் புகார் பதிந்து, வந்த புகார் எண்ணைக் கரும்பலகையின் மூலையில் சாக்பீஸால் எழுதி, ‘அழிக்காதே’ என்று கீழே கோடு போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் ஒருவர் பையோடு வந்து சரி செய்துவிட்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிப் போனார். கரும்பலகை எண்ணை அழித்தது என் மகள். இதைச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். நான் சோற்றில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள்! காந்திபுரத்துக்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.

விசாரித்தால் விஷயம் இயந்திரத்தில் இல்லை, கொள்முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கைட் வாங்கும்போதே ஐந்து ஆண்டு வாரண்டி கேட்டு வாங்கியது. புகார் கொடுத்துக் குறித்த நாளுக்குள் சரி செய்யாவிட்டால், இயந்திரம் தந்த நிறுவனம் நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். 100 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான பள்ளிகளை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஆள் ஓடி வருவான். தனியொரு பிள்ளையின் அப்பாவாக நான் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றால் எனக்காக யாருக்கும் அபராதம் விழாது. கையில் கொடுத்த பொருளோடு அதன் பராமரிப்பும் கைமாறிவிடுகிறது. வகுப்பில் வைத்த பொருளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வைத்தவர்களிடமே இருந்துவிடுகிறது.

பள்ளிக்கும் அதைக் கெட்டபடி விட்டுவைக்க முடியாத ஒரு நெருக்கடி உண்டு. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஐ.டி. ஒரு பாடம். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் அதற்குத் தமிழில் புத்தகம் இருக்கிறது. கணினி முன்னால் உட்கார்ந்து செய்து காட்ட வேண்டிய தேர்வும் உண்டு. பிப்ரவரியில் தேர்வு என்றால் ஜனவரியில் லேப் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் தலைமை ஆசிரியருக்குத் தூக்கம் வராது. எல்லா இயந்திரமும் உபுண்டுவை அடிப்படையாக வைத்துக் கைட் தயாரித்த லினக்ஸில் ஓடுவதால், வைரஸ் ஏறியது, லைசென்ஸ் முடிந்தது என்று என் கடைக்கு வரும் வழக்கமான கூட்டம் பள்ளிகளிலிருந்து வருவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருமான நஷ்டம்.

அதோடு லிட்டில் கைட்ஸ். 2018இல் தொடங்கிய மாணவர் மன்றம். எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். அனிமேஷன், ஸ்கிராட்ச், பைதான் என்று ஏதேதோ சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, புரொஜெக்டர் வயரைப் பிடுங்கி மாட்டவும், லினக்ஸ் ஏற்றவும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கை கூசாமல் போனது.

குறை இல்லையா என்றால், நாலு மணிக்கு மணியடித்ததும் லேப்டாப்புக்குப் பூட்டு விழும். அண்ணன் இரவு பதினோரு மணிக்குக் கற்றதை இவள் கற்க வழியில்லை. கொரோனாவால் பள்ளி மூடியிருந்த 2020 ஜூனில் அது நன்றாகவே உறைத்தது. அவள் பத்தாம் வகுப்பு. கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் என்ற பாட வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிப் பாடங்களை யூடியூபில் என் போனில்தான் பார்த்தாள். டிவி இல்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளி லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் பொது இடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் வீட்டில் ஒரு லேப்டாப் இருப்பதற்கு அது ஈடாகாது. எங்கள் வீட்டில் இருந்த ஒன்றோ அப்போது மறுபடி கீல் உடைந்து, அட்டைப் பெட்டியில் கிடந்தது. அந்த ஒரு வருடம் தமிழ்நாட்டு வழியே சரி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேயும் அந்த ஆண்டு யாருக்கும் கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

நடுவில் இன்னொரு வழியும் வந்தது. குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்கள் கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதம் சீட்டு கட்டினால் லேப்டாப் தரும் வித்யாஸ்ரீ திட்டம். இலவசம் இல்லை, தவணை. என் மனைவி சேரலாமா என்று கேட்டாள். கடையில்தான் கணினி இருக்கிறதே என்று நான் தடுத்துவிட்டேன். அதனால் அதைப் பற்றி நல்லது கெட்டது பேச எனக்கு உரிமை இல்லை. 2021இல் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று வித்யாகிரணம் என்ற கேரள அரசுத் திட்டத்தில் லேப்டாப் வந்தது. நூலகத்துப் புத்தகம் மாதிரி பள்ளியிலிருந்து எடுத்துப்போய்த் திருப்பித் தரும் ஏற்பாடு. இரண்டு பக்கத்து நல்லதும் சேர்ந்த யோசனையாகத் தெரிகிறது. ஆனால் அதில் ஒன்றுகூட என் கடைப் படியேறவில்லை; பார்க்காததைப் புகழவும் தயக்கம்.

அதேபோல், தமிழ்நாட்டைப் பற்றி நான் சொல்வதெல்லாம் 2014இல் வந்த இயந்திரத்தை வைத்து. இனி வருவதில் கீலும் பேட்டரியும் கெட்டியாக இருக்கலாம். கேரளத்திலும் ஐந்து ஆண்டு வாரண்டி தீர்வதற்கும் என் மகள் பள்ளியை விட்டு வருவதற்கும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பழைய லேப்டாப்புகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் நாள் யாராவது பையோடு வருகிறார்களா என்பதை அங்கே இன்னும் பிள்ளை படிக்கும் வீட்டில்தான் கேட்க வேண்டும்.

தங்கையிடம் இதையே சொன்னேன். எட்டாம் வகுப்பென்றால் இந்தப் பக்கம் போடு. ஐந்து வருடம் வகுப்புக் கணினியில் பழகட்டும். கல்லூரிக்கு அந்தப் பக்கம் போனால், கொடுப்பதை வாங்கிக்கொள். வாங்கும்போது வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் எந்த ஊரில் என்று பார். பேட்டரிக்கென்று இரண்டாயிரத்தைத் தனியாக எடுத்து வை. அவளுக்குத் திருப்தியில்லை. “அப்படியென்றால் பையனுக்கு வந்த லேப்டாப் வீணா அண்ணா?” என்று கேட்டாள்.

வீணில்லை. கடையில் மூலையில் இருக்கிறது, காட்டினேன். ஊரடங்கு முடிந்ததும் மகள் பெட்டியிலிருந்து எடுத்து, உடைந்த மூடியைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினாள். 2 ஜிபி ரேமில் இழுத்து இழுத்து ஓடுகிறது. வைஃபை பிடிப்பதில்லை, வயர் போட்டால்தான் உண்டு. பேட்டரியைக் கழற்றியே வைத்திருக்கிறேன். ஆதார் பிரிண்ட் கேட்டு வருகிறவர்களுக்கு அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறேன். அன்றைக்கும் தங்கை மகளின் மாற்றுச் சான்றிதழுக்கு நாலு பிரதி அதில்தான் எடுத்தேன். மூன்றாவது பிரதியில் பிரிண்டர் நின்றுவிட்டது. அது பிரிண்டரின் கோளாறு.