24 பொட்டலமா, ஒரே பெட்டியா?

டிசம்பரில் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் புத்தகம் வாசிக்கும் வீடுகளில் மூன்று வழக்கங்கள் உண்டு. 24 புத்தகங்களைத் தாளில் சுற்றிவைத்து, 1ஆம் தேதியிலிருந்து இரவுக்கு ஒன்றாகப் பிரிப்பது முதல் வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆளுக்கொரு புதுப் புத்தகம் கொடுப்பது அடுத்தது. மூன்றாவது, ஏழெட்டுப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு மூடிவைத்து, டிசம்பரில் மட்டும் வெளியே எடுப்பது. நாங்கள் பிடித்துக்கொண்டது பெட்டியை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

பொட்டலத்தின் கவர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பிள்ளைக்கும் கை துறுதுறுக்கும். 24 புத்தகம் வாங்கக் கட்டாது என்றால் நூலகத்தில் எடுக்கலாம்; ஆனால் அந்த மாதம் எல்லாரும் அதே அலமாரியைத்தான் துழாவுவார்கள், திருப்பிக் கொடுக்கும் தேதி வேறு நடுவில் வந்து நிற்கும். மினுமினுக்கும் தாள் பெரும்பாலும் மறுசுழற்சிக்கு ஆகாது. துணிப்பையில் போட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். என் அக்கா வீட்டில் இந்த முறைதான். அங்கே நான் பார்த்தவரை, தாளைக் கிழிக்கிற உற்சாகம் மூன்றாம் பக்கம் வருவதற்குள் வடிந்துவிடுகிறது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே “நாளைக்கு உள்ள பொட்டலம் எவ்வளவு தடிமன்?” என்று ஒரு கை பின்னால் போய்த் தடவிப் பார்க்கிறது.

புதுப் புத்தகம் கொடுக்கும் வழக்கத்துக்குப் பேர்போன நாடு ஐஸ்லாந்து. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்ற இறக்குமதிகளுக்கு இருந்த கெடுபிடி தாளுக்கு அவ்வளவாக இல்லாததால், புத்தகமே பரிசாகிப்போனது. 1944-இல் வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கிய புத்தகப் பட்டியல் அந்தப் பழக்கத்தை நிலைநிறுத்தியது. தானாக வாசிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அருமையான வழி. எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் இன்னும் மடியில் உட்கார்த்தி வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அதனால் இதைப் பற்றி நான் அடித்துப் பேச முடியாது.

சரி, பெட்டிக்கு வருவோம். எனக்கு இதைத் தீர்மானித்துக் கொடுத்தது ஒரே விஷயம்: மறுவாசிப்பு. பிள்ளைகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது நமக்குத்தான் சலிப்பு. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுக் குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. வெவ்வேறு கதைகளில் புதுச்சொற்களைக் கேட்டவர்களைவிட, அதே கதையைத் திரும்பக் கேட்டவர்களே அந்தச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். 24 நாளும் புதுக் கதை என்றால் இதற்கு இடமில்லை. பெட்டியில் எட்டே புத்தகம் இருந்தால் ஒவ்வொன்றும் மாதத்துக்கு மூன்று முறையாவது சுற்றி வரும்.

வருடம் ஏற ஏறத்தான் இதன் ருசி தெரியும். முதல் வருடம் பெரியவள் படம் மட்டும் பார்த்தாள். அப்புறம் ஒரு டிசம்பரில் இரண்டு புத்தகங்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, “இதுல தொழுவத்துல கழுதை இருக்கு, அதுல காணோம். எதுப்பா நிஜம்?” என்று கேட்டாள். லூக்கா நற்செய்தியை எடுத்துப் பார்த்தோம். குழந்தை இயேசுவைக் கிடத்திய முன்னணை, அதாவது தீவனத் தொட்டி, இருக்கிறது, மேய்ப்பர்கள் இருக்கிறார்கள். மாடும் இல்லை, கழுதையும் இல்லை. குழந்தையைப் பார்க்க ஞானிகள் வருவது மத்தேயு நற்செய்தியில், அங்கேயும் மூன்று பேர் என்று எண்ணிக்கை கிடையாது. ஒரு வாரம் வீடு முழுக்க இதே பேச்சு. ஒரே புத்தகங்களை மூன்றாம் வருடமாகப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் இப்படியொரு கேள்வி வரும் என்று நினைக்கிறேன்.

ஒரு நிபந்தனை உண்டு: ஜனவரியில் பெட்டியைக் கட்டாயம் மூட வேண்டும். நாங்கள் ஜனவரி 6, அந்த ஞானிகளை நினைவுகூரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஞானிகள் கதையைக் கடைசியாக வாசித்துவிட்டு மூடுகிறோம். அலமாரியிலேயே கிடந்தால் ஏப்ரலில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை வாசித்து, டிசம்பர் வரும்போது அது இன்னொரு புத்தகம், அவ்வளவுதான். பதினொரு மாதம் கண்ணில் படாமல் இருப்பதால்தான் பெட்டி திறக்கும்போது சண்டை போட்டுக்கொண்டு எடுக்கிறார்கள்.

மூடுவதற்கு முன் கொஞ்சம் பராமரிப்பு வேலை. ஈரம் போக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவைத்தால் பூஞ்சணம், பூச்சித் தொல்லை குறையும். கிழிந்த பக்கத்துக்குச் சாதாரண செலோடேப் வேண்டாம். சில வருடங்களில் பழுப்பேறிப் படத்தின் மேலேயே கறையாகிவிடும். அமிலமில்லாத ஒட்டுநாடா கிடைக்கிறது. மடிப்பைத் தூக்கிப் பார்க்கும் வகைப் புத்தகங்களைப் பெட்டிக்காக வாங்காதீர்கள். எங்களிடம் இருந்ததில் ஆட்டுக்குட்டியை மறைத்திருந்த கதவு முதலில் போனது, அப்புறம் ஆட்டுக்குட்டியின் தலையும் போனது. சொற்களே இல்லாத படப்புத்தகம் ஒன்றாவது இருக்கட்டும். பேசத் தொடங்காத குழந்தையிலிருந்து பள்ளிப் பிள்ளை வரை ஆளுக்கொரு கதை சொல்ல அதில் இடமுண்டு.

பெட்டியின் பலவீனம், பிள்ளைகள் வளர்வது. பதின்ம வயதில் இது எடுபடுமா என்பது என் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது. பெரியவர்கள் ஆகும்போது ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ சேர்க்கலாம் என்று எண்ணம். 1843-இல் வந்த சிறிய நூல், ஐந்தே பகுதி, இரவுக்கு ஒன்று என்று ஐந்து நாளில் முடியும். பொட்டலம் பிரிக்கும் சந்தோஷத்தையும் விட மனமில்லாதவர்கள், வருடத்துக்கு ஒரே ஒரு புதுப் புத்தகத்தை மட்டும் 24ஆம் தேதிக்குச் சுற்றிவைத்து, பிறகு அதைப் பெட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டி நிரம்பினால் எதை வெளியே எடுப்பது என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும்.