பிரமோஷன் டூருக்கு வண்டி விடும் நெல்லை, தென்காசி ஃபுட் டிரக்காரர்கள் கவனத்துக்கு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் போன் வரும். "அண்ணாச்சி, மசாலா கம்பெனி பிரமோஷன். 21 நாள் டூர். உங்க வண்டிதான் வேணும்னு கேக்காவ." ஊர் ஊராக வண்டியை நிறுத்தி, கம்பெனி மசாலாவில் செய்த பரோட்டா, சால்னாவைச் சாம்பிளாகக் கொடுக்கும் வேலை. ஒரு நாள் வாடகை 5,500, டீசல் தனி, சாம்பிள் பிளேட்டுக்கு 18 ரூபாய், டிரைவர் பேட்டா, நைட் ஹால்ட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பாளையங்கோட்டையில் ஓரமாக நிறுத்தி இரவு ஒரு மணி வரை பரோட்டா போடுவதைவிட இது லாபமாகத்தான் தெரியும். இந்த வட்டாரத்தில் நான்கு வண்டிகள் இந்தக் கணக்கை நம்பிப் போய் பாதிப் பணத்தோடு திரும்பி வந்திருக்கின்றன. நான்கு பேரின் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. சொன்ன வாடகையை யாரும் குறைக்கவில்லை. பணம் போனது எண்ணிக்கையில்: கிலோமீட்டர், பிளேட், நாள்.

முதலில் ஆள் யார் என்று பாருங்கள். மசாலா கம்பெனி நேரடியாக வருவதில்லை. அது விளம்பர ஏஜென்சியிடம் கொடுக்கும், ஏஜென்சி இன்னொருவரிடம் கொடுக்கும், அவர் 'லோக்கல் வெண்டர்' என்று ஒருவரைப் பிடிப்பார். போன் செய்பவர் அந்தக் கடைசி ஆள். கம்பெனி பெயரில் விசிட்டிங் கார்டு நீட்டினால் அதை நம்ப வேண்டாம். மசாலா பாக்கெட்டின் பின்பக்கம் வாடிக்கையாளர் சேவை எண் அச்சிட்டிருக்கும். அதில் கூப்பிட்டு மார்க்கெட்டிங் பிரிவைக் கேளுங்கள், 'நெல்லை, தென்காசி, தூத்துக்குடியில் டிரக் டூர் இருக்கிறதா, எந்த ஏஜென்சி' என்று. ஒரு வண்டிக்காரர் டூர் முடிந்த பிறகு கூப்பிட்டார். ஏஜென்சிக்கு எப்போதோ பணம் போய்விட்டது என்று பதில் வந்தது. ஒர்க் ஆர்டர் (வேலையை ஒப்படைத்த எழுத்து உத்தரவு) நகல் கேளுங்கள், தொகையை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. "பேப்பர் எல்லாம் பொறவு பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றால் வண்டியை எடுக்காதீர்கள். (அண்ணாச்சி என்று கூப்பிட்டாலே நம்மவர்கள் பாதிக் கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள், அது வேறு.)

டெபாசிட் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். 'பிராண்டிங் டெபாசிட் 15,000, திரும்பத் தருவோம்' என்று வாங்கிக்கொண்டு, அட்வான்ஸ் 20,000 கொடுப்பார்கள். உண்மையில் கைக்கு வந்த அட்வான்ஸ் 5,000. கடைசியில் 'ஸ்டிக்கர் கிழிந்தது' என்று டெபாசிட்டும் போகும்.

அந்த ஸ்டிக்கர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி முழுக்க ஒட்டும் வினைலில் மட்ட ரகம் வெயிலில் சுருங்கும், ஓரம் தூக்கும், பசை பெயிண்டில் தங்கிவிடும். மூன்று வாரம் நெல்லை வெயிலில் நின்ற வண்டியில் குளிர்ந்த நிலையில் இழுத்தால் துண்டு துண்டாக வரும், ரீபெயிண்ட் செய்த இடத்தில் பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். ஹீட் கன்னில் சூடேற்றி, மேற்பரப்போடு ஒட்டினாற்போல மெதுவாக இழுக்க வேண்டும், பிறகு பசையைத் துடைக்க வேண்டும். ஒரு டிரக்குக்கு ஒரு முழு நாள் வேலை. அந்தக் கூலி யாருடையது என்று முதலிலேயே எழுதுங்கள். ஒட்டும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். ஆர்சியில் வெள்ளை, வண்டி முழுக்கச் சிவப்பு என்றால் செக்கிங்கில் கேட்பார்கள், அதற்கு ஆர்டிஓ அலுவலகத்தில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டு முடிப்பதும் ஏஜென்சி வேலை. முன் கண்ணாடியில் ஃபாஸ்டேக் மேல் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்குநேரி டோலில் அது படிக்காமல் நின்று சண்டை போட்டதும் நடந்தது.

டீசல் கணக்கு இப்படி வருகிறது. ஏஜென்சி மேப்பில் ஊருக்கு ஊர் தூரம் எடுக்கும். நெல்லையிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், மைலேஜ் 15, ஆக 4 லிட்டர். நிஜத்தில் காலையில் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் ஏற்ற வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், ஆலங்குளத்தில் ஒரு நிறுத்தம், பாவூர்சத்திரத்தில் ஒரு நிறுத்தம், இடம் கிடைக்காமல் தென்காசியை இரண்டு சுற்று. ஓட்டம் 95. வண்டியில் 200 லிட்டர் தண்ணீர், இரண்டு 19 கிலோ சிலிண்டர் (இரும்போடு சேர்த்து ஒன்று 35 கிலோவுக்கு மேல்), ஜெனரேட்டர், ஃப்ரீசர், ஐந்து பேர். மைலேஜ் 9. பத்தரை லிட்டர் ஆகிறது. மீதி ஆறரை லிட்டர் உங்கள் பையிலிருந்து. வீட்டிலிருந்து முதல் நாள் கிளம்புவதும், கடைசி நாள் எம்ப்டியாகத் திரும்புவதும் அவர்கள் கணக்கிலேயே இல்லை. காலை, இரவு ஓடோமீட்டர் போட்டோ எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஏஜென்சியின் சூப்பர்வைசருக்கு அனுப்புங்கள். டேங்கை நிரப்பி ஒருநாள் முழு லோடில் ஓட்டி, மறுபடி நிரப்பி, மைலேஜ் எவ்வளவு என்று அவர் முன்னாலேயே காட்டுங்கள். டூரின் முதல் நாளே அதைச் செய்தால்தான் உண்டு.

ஜெனரேட்டர் பெட்ரோலும் 'டீசல் தனி'யில் அடங்காது என்பார்கள். 2.5 கேவிஏ ஜெனரேட்டர் தருவது சுமார் 2,000 வாட். ஃப்ரீசர் ஓடும்போது 250 வாட் எடுத்தாலும் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். அவர்கள் கொண்டுவரும் எல்இடி திரை 1,200, மைக் செட் 400. மூன்றும் சேர்ந்த நொடியில் டிரிப் ஆகும். சூப்பர்வைசர் ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் போடுவார், அவருக்குத் திரைதான் முக்கியம். மதியம் கறி கெட்டுப் போனால் அது 'வண்டிக்காரர் கவனக்குறைவு'. திரைக்கும் மைக்குக்கும் தனி ஜெனரேட்டர் கொண்டுவரச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஃப்ரீசர் 5 டிகிரிக்குக் கீழே, சால்னா 60 டிகிரிக்கு மேலே இருக்கிறதா என்று இரண்டு மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் போட்டுக் குறித்து வைத்தால் பிறகு பேசலாம். சாப்பிட்டவருக்கு வயிறு கெட்டால் ஆபீசர் படிக்கப்போவது உங்கள் பலகையில் இருக்கும் 14 இலக்க ஃபசாய் (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணைத்தான், மசாலா கம்பெனி பெயரை இல்லை. அவர்கள் கொடுக்கும் மசாலா சீல் உடைக்காத பாக்கெட்டில், பேட்ச் எண்ணோடு, தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். லூசாக மூட்டையில் கட்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இனி பிளேட். இதில்தான் பெரிய அடி. ஒரு நாளைக்கு 300 மினி பரோட்டா, சால்னாவோடு. 40 கிராம் உருண்டை என்றால் ஒரு கிலோ மைதாவுக்கு ஏறக்குறைய 40, ஆக சேதாரத்தோடு 8 கிலோ மைதா. சால்னா ஆளுக்கு 60 மில்லி, 18 லிட்டர். இதெல்லாம் நீங்கள் போடுவது. பில் போடும்போது 'வெரிஃபைட் சாம்பிள்' என்று ஒரு சொல் வரும். சாப்பிட்டவர் க்யூஆர் ஸ்கேன் செய்து, ஓடிபி வந்து, அதை அடித்தால்தான் ஒரு பிளேட். களக்காட்டுப் பக்கம் சிக்னல் இல்லை, சந்தைக்கு வந்த ஆச்சிக்கு ஸ்மார்ட்போன் இல்லை, பள்ளிக்கூடப் பையன் ஓடிபி எல்லாம் அடிக்க மாட்டான். கொடுத்தது 300, ஸ்கேன் ஆனது 130. கிடைக்க வேண்டியது 5,400 ரூபாய், கிடைத்தது 2,340. ஒரு நாளில் 3,060 நஷ்டம், வாடகையில் பாதிக்கு மேல்.

இதற்கு ஒரே வழி, தட்டை எண்ணுவது. பாக்குமட்டைத் தட்டோ பேப்பர் கப்போ, காலையில் சீல் வைத்த கட்டுகளைச் சூப்பர்வைசர் முன்னால் பிரியுங்கள். இரவு மீதியை எண்ணி, கிழிந்ததைக் கழித்து, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 'பணம் பிளேட் எண்ணிக்கைக்கு, ஸ்கேன் எண்ணிக்கைக்கு இல்லை' என்ற ஒரு வரி ஒர்க் ஆர்டரில் இருக்க வேண்டும்.

நாள் கணக்கில் 'டவுன்டைம்', அதாவது வண்டி வேலை செய்யாத நேரம் என்று வெட்டுவார்கள். பத்து மணிக்குச் சர்வீஸ் தொடங்கவில்லை என்றால் அன்றைய வாடகை முழுதும் கட். ஆனால் லொகேஷன் வருவதே ஒன்பதரைக்கு. வண்ணார்பேட்டையில் நிறுத்தியதும் போலீஸ் வந்து எடுக்கச் சொல்லும், ஏனென்றால் 'பர்மிஷன் எங்க பொறுப்பு' என்றது யாரோ ஒரு கவுன்சிலருக்குப் போட்ட போன் மட்டுமே. மாநகராட்சியோ பேரூராட்சியோ கொடுத்த எழுத்துப்பூர்வ அனுமதி, மைக்குக்குப் போலீஸ் அனுமதி, இரண்டின் நகலும் முந்தின நாள் இரவே கைக்கு வர வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடவே கூடாது. செங்கோட்டை தாண்டிப் புனலூரில் ஒரு நாள் என்று நடுவில் சேர்ப்பார்கள். தமிழ்நாடு பர்மிட் மட்டும் உள்ள வண்டிக்குக் கேரளத்துக்குள் போகத் தற்காலிக பர்மிட்டும் வரியும் வேண்டும், அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

காற்றும் டவுன்டைம்தான் அவர்களுக்கு. ஆடி மாதம் கணவாய் வழியாக வரும் காற்று தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் பக்கம் அடுப்புத் தீயை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். கல்லின் ஒரு பாதியில் பரோட்டா கருகும், மறுபாதி வேகாது. மூன்று நாள் வரும் சிலிண்டர் இரண்டு நாளில் தீரும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகரத் தடுப்பு போடுங்கள். காற்றுக்காகக் கதவு, ஜன்னலை அடைக்கும்போது தரைமட்டத்து வென்ட்டை மட்டும் அடைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும்.

ஆர்சி, ஃபசாய், பான் நகல்களின் குறுக்கே 'இந்த டூருக்கு மட்டும்' என்று வண்டி எண், தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒருவருடைய ஃபசாய் நகலை வைத்து வேறு இரண்டு வண்டிகள் ஓடியிருக்கின்றன. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) 1 சதவீதம் பிடித்ததாகச் சொன்னால் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறவில்லை என்றால் பிடித்தவர் கட்டவில்லை, அல்லது இன்னும் கணக்குத் தாக்கல் செய்யவில்லை.

ஒப்புக்கொள்ளும் முன்பே உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்துவிடுங்கள், இலவசம். அது இருந்தால், 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தில் எந்தத் தேதி போட்டாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டியோடு எம்எஸ்எம்இ ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலில் (பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) ஆன்லைனில் மனுப் போடலாம். டூர் முடிந்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்ப முடியாது. செக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். திரும்பினால் பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். "அடுத்த வாரம் போடுங்க அண்ணாச்சி" என்று இழுப்பதெல்லாம் இந்தத் தேதிகளைத் தாண்ட வைக்கத்தான்.

கடைசியாக ஒரு வவுச்சர் நீட்டுவார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், தொகை எழுதும் இடம் காலியாக இருக்கும், கீழே சின்ன எழுத்தில் 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை' என்றிருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, கைக்கு வந்த தொகையை எழுத்திலும் எண்ணிலும் எழுதி, 'பாக்கி நிலுவையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் கையெழுத்துப் போடாமல், வந்த பணத்தை அக்கவுண்டில் போடச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.