நின்று நின்று ஓடிய ஏசி: ரங்கூன் வீட்டில் ஆறாண்டு அனுபவம்

ரங்கூன் தாம்வேயில் உள்ள எங்கள் வீட்டுப் படுக்கையறையில் 2018ஆம் ஆண்டு ஒன்றரை டன் ஏசி ஒன்றைப் பொருத்தினோம். கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இல்லாத, உள்பெட்டி, வெளிப்பெட்டி என இரண்டாகப் பிரிந்த சாதாரண ஸ்பிளிட் வகை. அறை 10 அடிக்கு 11 அடி என்பதால் ஒரு டன்னே போதுமானது; பெரிதாக வாங்கினால் சீக்கிரம் குளிரும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பிவிட்டேன். சீக்கிரம் குளிர்ந்தது உண்மைதான். ஆனால் காற்றின் ஈரம் குளிர்சுருளில் படிந்து நீராக வடிவதற்கு, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் சற்று நேரம் விடாமல் ஓட வேண்டும். அதற்குள் அறை குளிர்ந்து அது நின்றுவிடுவதால், மழைக்காலத்தில் அறை சில்லென்று இருந்தும் படுக்கை விரிப்பு பிசுபிசுத்தது. வாங்கும்போதே செய்த பிழை என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டோம்.

உண்மையான தொல்லை 2020இல் தொடங்கியது. கம்ப்ரசர் ஏறத்தாழ 4 நிமிடம் ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். பார்க்க வந்த மெக்கானிக் அரைமணி நேரத்தில் 'கேஸ் குறைந்துவிட்டது' என்று நிரப்பிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் அதே கதை, மறுபடியும் கேஸ். ஏசியில் உள்ள கேஸ் மோட்டார் வண்டியின் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று; மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. கசிவு எங்கே என்று தேடாமல் நிரப்புவதில் பொருளில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் முறை அவரை அழைக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, கம்ப்ரசர் ஓடிய நேரம், நின்ற நேரம், அப்போதைய அறை வெப்பம் மூன்றையும் ஒரு மாலை முழுவதும் குறித்தேன். நின்ற நேரம் ஒவ்வொரு முறையும் சரியாக 3 நிமிடம். குழாயின் இரு பக்க அழுத்தமும் சமனாகும் வரை கம்ப்ரசரை மீண்டும் கிளம்பவிடாமல், ஏசிக்குள் இருந்து அதை இயக்கும் மின்பலகை கட்டாயமாகக் கொடுக்கும் ஓய்வு அது. ஆகவே நிறுத்தியது மின்பலகைதான். ரிமோட்டில் 25 வைத்திருக்க, தனியாக மாட்டிய வெப்பமானி 29 காட்டியது. அறை குளிர்ந்துவிட்டதாக மின்பலகை ஏமாந்துகொண்டிருந்தது என்பதே இதற்குப் பொருள். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு முன்மூடியைத் திறந்தபோது, உள்ளே வரும் காற்றை அளக்க வேண்டிய சிறு சென்சார், அதன் பிளாஸ்டிக் கவ்வி உடைந்து, குளிர்சுருளின் மேல் சாய்ந்து கிடந்தது. அதைப் பழைய இடத்தில் தூக்கிக் கட்டினேன். அன்றிரவு கம்ப்ரசர் 12 நிமிடம் தொடர்ந்து ஓடியது.

2022 ஏப்ரலில் வந்த கோளாறு வேறு விதமானது. இம்முறை நின்ற நேரம் 20 நிமிடம், சில சமயம் 40. உள்பெட்டியின் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், வருவதோ வெறும் காற்று. கம்ப்ரசர் அளவு மீறிச் சூடாகி, அதன் ஓவர்லோடு காப்பு தானாகத் துண்டித்துக்கொண்டால் இப்படித்தான் இருக்கும். சூடு தணியாமல் அது திரும்பச் சேராது. நோட்டைப் புரட்டினால், நிற்பது பெரும்பாலும் மாலை 7 மணிக்கு மேல், ஊரே விளக்குப் போடும் வேளையில். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 175. மின்னழுத்தம் குறைந்தால் கம்ப்ரசரின் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். மின்னழுத்தத்தைச் சீராக்கி, மின்சாரம் வந்ததும் சற்றுப் பொறுத்தே ஏசிக்குக் கொடுக்கும் 5 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்கினோம். மாலைத் தொல்லை ஒழிந்தது. உச்சி வெயிலில் நிற்பது மட்டும் தொடர்ந்தது.

இந்த முறை கோயில் பக்கத்திலிருந்து வந்த நம் தமிழ்ப் பையன் ஒருவர் நேராகப் பின்சந்துக்குப் போய், வெளிப்பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தத் தகரத்தை யார் அடித்தது?" என்று கேட்டார். நான்தான். முந்தைய மழைக்காலத்தில், சாரலும் காக்கை எச்சமும் படாமலிருக்கட்டும் என்று மேலும் முன்னும் தகரம் அடைத்திருந்தேன். வெளியேற வேண்டிய வெந்த காற்று தகரத்தில் மோதித் திரும்பி, வெளிப்பெட்டியில் சூட்டை வெளியேற்றும் சுருளுக்குள்ளேயே நுழைந்துகொண்டிருந்தது. தகரத்தைக் கழற்றி, சுருளைத் தண்ணீரால் கழுவிய அன்றே பகல் தொல்லையும் நின்றது. மறுநாள் அவர் மீண்டும் வந்து, கம்ப்ரசர் மோட்டார் கிளம்பி ஓட உதவும் கெப்பாசிட்டரை அளந்தார். 35 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, 28 தான் இருந்தது. அதையும் மாற்றினார். (மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் அதில் நான் கை வைப்பதில்லை.) முன்பு இருமுறை நிரப்பியதில் அழுத்தம் அதிகமாக இருப்பதைக் கண்டு, கேஸ் முழுவதையும் வெளியே எடுத்து, பெட்டியின் தகட்டில் குறித்த எடைக்கு நிறுத்துத் திரும்ப ஏற்றியதும் அவரே.

இப்போது மின்சாரம் அடிக்கடி போய் வருகிறது. 'மீ லாபி' (பர்மியத்தில் 'மின்சாரம் வந்துவிட்டது') என்று தெருப் பிள்ளைகள் கூச்சலிட்டதும் விசிறிகள் உடனே சுழல, எங்கள் ஏசி மட்டும் ஸ்டெபிலைசரின் தாமதம் முடியும் வரை பேசாமல் இருக்கும். நோட்டுப் புத்தகம் இன்னும் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. 2024 ஏப்ரலில் கடைசியாகக் குறித்தது: 26 பாகையில் 11 நிமிட ஓட்டம், 9 நிமிட ஓய்வு. 2022க்குப் பிறகு கேஸ் நிரப்பவில்லை.