சுமாத்திரா காண்டாமிருகம்: காட்டிலேயே காப்பதா, சரணாலயத்தில் பெருக்குவதா?

உடலெங்கும் செம்பழுப்பு ரோமம் கொண்ட சுமாத்திரா காண்டாமிருகம் இன்று நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. மலேசியாவின் கடைசிப் பெண் விலங்கான இமான் 2019 நவம்பரில் இறந்தது.

முதல் வழி, ரோந்துக் குழுக்களை அனுப்பி, வேட்டைக்காரர்கள் வைத்த கம்பிக் கண்ணிகளை அகற்றிக் காட்டிலேயே காப்பது. இந்தோனேசியாவின் சுமாத்திரா தீவிலுள்ள லூசர் காட்டில் இது புலி, யானை, ஒராங்குட்டான் ஆகியவற்றையும் சேர்த்தே காக்கிறது. ஆனால் விலங்குகள் சிதறிக் கிடப்பதால் துணை கிடைப்பதில்லை. நெடுங்காலம் கருவுறாத பெண் விலங்கின் கருப்பையில் கட்டிகள் வளர்ந்து, பின்னர் துணை கிடைத்தாலும் கருத்தரிக்க முடியாமல் போகிறது. வேட்டையே இல்லாவிட்டாலும் இனம் தேய்வது இதனால்தான்.

இரண்டாம் வழி, பிடித்து வந்து இனப்பெருக்கம் செய்வது. அதன் தொடக்கம் வேதனையானது: 1984 முதல் பிடிக்கப்பட்ட 40 விலங்குகளில் பெரும்பாலானவை சந்ததியின்றி மாண்டன. உலர்புல்லைத் தின்று நலிந்தவற்றுக்கு அத்தியினத் தழைதான் வேண்டும் என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக்காட்சியகத்தில் எமி என்ற பெண் காண்டாமிருகம் ஐந்து முறை கருவிழந்த பிறகு, ஹார்மோன் மருந்தின் துணையுடன் 2001இல் அண்டலாஸ் என்ற ஆண் கன்றை ஈன்றது. அந்த அண்டலாஸ் சுமாத்திராவின் வே கம்பாஸ் சரணாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 2012இல் அண்டாட்டு என்ற கன்றுக்குத் தந்தையானது.

தனித்துப்போன விலங்குகளை, குறிப்பாகப் பெண் விலங்குகளை, உடனே சரணாலயத்துக்குக் கொண்டுவருவதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஒரு கன்றுக்குக் கருக்காலம் மட்டுமே ஏறத்தாழ 15 மாதம் என்பதால் தாமதிக்க நேரமில்லை. இணைகள் இன்னமும் சந்திக்கக்கூடிய காடுகளில் மட்டும் காவலை இரட்டிப்பாக்கி, அவற்றை அங்கேயே விட்டுவிடலாம்.