மழை விளக்கில் விரிசல்: பசையா, கரைப்பானா, சூட்டுக்கோலா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மழை விளக்கு தொங்குகிறது. பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு வட்டத் தட்டு, கீழே ஒரு வட்டத் தட்டு, இரண்டையும் இணைத்துக் கூண்டுக் கம்பிகள் போல வரிசையாக நைலான் நரம்புகள். கூண்டுக்குள்ளே பொன்னிறத்தில் ஒரு பெண் சிலை, அவள் காலடியில் பிளாஸ்டிக் செடிகள். அடியில் இருக்கும் சின்ன மோட்டார் மினரல் ஆயிலை மேல்தட்டுக்கு ஏற்றும். அங்கிருந்து பொடித் துளைகள் வழியாக இறங்கும் எண்ணெய், ஒவ்வொரு நரம்பிலும் முத்து முத்தாக உருண்டு வரும். தண்ணீர் என்றால் விறுவிறுவென ஓடிவிடும். எண்ணெய் என்பதால் ஒவ்வொரு துளியும் நின்று நிதானித்து இறங்குகிறது. மேலே பல்ப் எரியும்போது பார்த்தால் அந்தச் சிலையைச் சுற்றித் தூறல் விழுவது போலவே இருக்கும்.

1960களின் கடைசியிலும் 1970களிலும் அமெரிக்காவில் வீடுகளிலும் உணவகங்களிலும் தொங்கிய அலங்காரம் இது. நான் இதை நியூ ஜெர்சியில் ஒரு கராஜ் சேலில் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, எண்ணெய் ஊற்றி, ஓடவிட்ட மறுநாள் காலை மனைவி கூப்பிட்டாள்: “ஏங்க, தரையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, வந்து பாருங்க.” அடித்தட்டின் ஓரத்தில், திருகு போகும் துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு முடி போல ஒரு விரிசல். பகலில் கண்ணுக்கே தெரியவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் எண்ணெய்க்கோடு மினுங்கியது.

அன்று தொடங்கியது இந்த வேலை. இந்த விளக்கிலும், பிறகு வந்த இன்னும் இரண்டு விளக்குகளிலுமாக நான்கு முறைகளைச் செய்து பார்த்துவிட்டேன். இவற்றில் எது எதற்கு ஒத்துவரும் என்பதுதான் இங்கே பேச்சு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிற முறைக்குத்தான் முதலிடம். இரண்டு பொருள்களைக் கலந்து இறுகவைக்கும் எபாக்ஸி என்ற பசை நல்ல துணை. எல்லாரும் முதலில் கையில் எடுக்கும் சூப்பர் க்ளூவைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

ஆனால் எந்த முறையாக இருந்தாலும், கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் தொடக் கூடாது. அடியில் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் முத்திரை இருந்தால் அதிர்ஷ்டம். அந்தக் காலத்து விளக்குகளில் பெரும்பாலும் இருக்காது. உடைந்த துணுக்கு ஒன்று கிடைத்தால் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். அவற்றில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, பிளாஸ்டிக்கை இளக்கும் கரைப்பானும் வேலை செய்யாது. மூழ்கினால் அடுத்த சோதனை. ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக உப்பைக் கரைத்து, அதில் அதே துணுக்கைப் போடுங்கள். நல்ல தண்ணீரில் மூழ்கி உப்புநீரில் மிதந்தால் பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ் (கணினிப் பெட்டிகள் செய்யும் கெட்டியான பிளாஸ்டிக்). உப்புநீரிலும் மூழ்கினால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற கனமான வகை. கடைசியாக, வெளியே தெரியாத இடத்தில் நகப்பூச்சு அழிக்கப் பயன்படும் அசிட்டோனில் ஒரு சொட்டைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுவைத்துச் சில விநாடி கழித்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டுகிறதா? அப்படியென்றால் கரைப்பான் வழி திறந்திருக்கிறது. என் தட்டு நல்ல தண்ணீரில் மூழ்கியது, உப்புநீரில் மிதந்தது, அசிட்டோன் பட்டதும் கோந்து போல ஒட்டியது. வளைத்த இடத்தில் வெளுத்தும் போனது. இதையெல்லாம் வைத்து ஏபிஎஸ் என்று முடிவுக்கு வந்தேன்.

அப்புறம் எண்ணெய். மழை விளக்கில் பாதி வேலை இதுதான். ஐம்பது வருடம் எண்ணெயில் ஊறிய விரிசலுக்குள் எந்தப் பசையும் பிடிக்காது. வெளியே துடைத்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் தட்டை லேசாக வளைத்தால் விரிசலுக்குள்ளிருந்து மறுபடியும் ஒரு கோடு கசியும். நான் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, விரிசலை விரித்து விரித்துக் கழுவினேன். காயவைத்து, டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்திப் பார்த்தேன். கறை படிந்தது. மறுபடி கழுவினேன். நான்காவது தடவைதான் பேப்பர் சுத்தமாக வந்தது. இந்தப் பொறுமை இல்லாவிட்டால் கீழே சொல்லப்போகும் எந்த முறையும் பலிக்காது. அவசரத்தில் ஆல்கஹால் போட்டுத் துடைக்கலாமா என்று தோன்றும். அக்ரிலிக்காக இருந்தால் வேண்டாம், மேற்பரப்பில் சிலந்தி வலை போல நுண்கீறல்கள் விழுந்துவிடும்.

சரி, சூப்பர் க்ளூவுக்கு வருவோம். 1942இல் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது ஹாரி கூவரின் குழு இந்த வேதிப்பொருளைக் கண்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவைத்தார்கள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. எதிலும் ஒட்டும் என்கிற அந்தப் பெயரை நம்பித்தான் நாமும் ஏமாறுகிறோம். காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இது கெட்டியாகிறது. எண்ணெய்ப் படலம் இருந்தால் பிடிப்பு கிடைக்காது. பிடித்தாலும் கண்ணாடி போல விறைப்பான இணைப்புதான். விளக்கு ஒவ்வொரு முறை எரிந்து சூடாகி அணைந்து குளிரும்போதும் பிளாஸ்டிக் விரிந்து சுருங்குகிறது, பசை அதோடு சேர்ந்து அசைவதில்லை. நான் முதலில் இதைத்தான் போட்டேன். மூன்று வாரம் தாங்கியது. ஒரு நாள் தட்டைக் கழற்றும்போது அதே கோட்டில் டிக் என்று விட்டுக்கொடுத்தது. போதாக்குறைக்கு, பசை காயும்போது எழும் ஆவி சுற்றிலும் வெள்ளைச் சாம்பல் பூத்தது போலப் படிந்துவிட்டது. கறுப்புத் தட்டில் அது எவ்வளவு அசிங்கமாகத் தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சூப்பர் க்ளூவோடு சமையல் சோடா தூவும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சோடா காரத்தன்மை உள்ளது, பசையை நொடியில் கல்லாக்கிவிடும். ஒரு மூலை உடைந்து போய் அந்த இடம் காலியாக இருந்தால், நிரப்பி அரத்தால் தேய்த்து வடிவம் கொடுக்க இது நன்றாகவே உதவும். சிலையின் விரல் நுனி, செடியின் காம்பு மாதிரி பாரம் தாங்காத, எண்ணெய் படாத இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்த் தட்டுக்கு வேண்டாம். இதில் இன்னொரு கேடும் உண்டு: விரிசலுக்குள் ஒருமுறை சூப்பர் க்ளூ போய்விட்டால், பிறகு கரைப்பான் முறைக்கு வர முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று.

இரு கலவை எபாக்ஸி இதைவிடப் பல மடங்கு நிதானமான பொருள். அதிலும் ஐந்து நிமிட வகையைவிட, முழுப் பலம் வர ஒரு நாள் எடுக்கும் வகையே உறுதி. எபாக்ஸி பிளாஸ்டிக்கோடு கலக்காது, மேலே பற்றிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அதனால் 120 அல்லது 180 எண் உப்புத்தாளால் பரப்பை நன்றாகச் சொரசொரப்பாக்க வேண்டும். வெறும் விரிசல் கோட்டில் மட்டும் தடவினால் பயன் குறைவு. தட்டின் வெளிப்பக்கத்தில், விரிசலின் இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்கு எபாக்ஸி பூசி, மெல்லிய கண்ணாடியிழைத் துணியை அதில் பதித்து, மேலே இன்னொரு பூச்சுக் கொடுத்தால் காயத்துக்குக் கட்டுப் போட்டது போல இறுகிவிடும். குறை என்னவென்றால், வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகும், அறை வெப்பத்தில் இறுகும் வகைகள் பல 60 டிகிரி செல்சியஸ் பக்கம் இளகத் தொடங்கும். ஆகவே பல்ப் இருக்கும் மேல்தட்டின் உள்பக்கத்துக்கு நான் இதை நம்பமாட்டேன். கீழ்த்தட்டின் அடிப்பக்கத்துக்கு, யார் கண்ணிலும் படாத இடத்துக்கு, மிக நல்லது.

இனி எனக்குப் பிடித்த முறை. ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் போட்டு மூடி ஓர் இரவு வைத்தால், தேன் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். துணுக்குக்கு அலைய வேண்டாம். ஏபிஎஸ் என்று முத்திரை உள்ள பழைய கணினிப் பெட்டியோ, ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் அந்தப் பொம்மைச் செங்கற்களில் ஒன்றோ போதும். கறுப்புத் தட்டுக்குக் கறுப்புத் துணுக்கு எடுத்தால் நிறமும் ஒத்துப்போகும். விரிசலின் நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட்டுக்கொள்ளுங்கள், விரிசல் அதைத் தாண்டி ஓடாது. பிறகு விரிசலின் நீளத்துக்கும் கத்தி முனையால் ஆங்கில வி எழுத்தைப் போல ஒரு பள்ளம் கீறுங்கள், தட்டின் கனத்தில் பாதி ஆழத்துக்கு. முதலில் வெறும் அசிட்டோனை ஊசி சிரிஞ்சால் விரிசலுக்குள் ஓடவிட்டு, இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் ஓரத்தில் மெல்லிய வரி ஒன்று பிதுங்கும். உள்ளே இரு பக்கமும் இளகி ஒன்றாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் பள்ளத்தையும் நுனித் துளையையும் குழம்பால் நிரப்புங்கள். ஒரே தடவையில் நிரப்பக் கூடாது, காயும்போது வற்றி உள்வாங்கும். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி. கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தொடாமல் வைத்துவிடுங்கள். உள்ளே அசிட்டோன் மிச்சமிருந்தால் அந்த இடம் ரப்பர் போலக் கிடக்கும்.

இதில் ஒட்டுப்பொருள் என்று தனியாக எதுவும் இல்லை. தட்டு அதே தட்டாகத் திரும்பி வருகிறது, சூட்டில் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்குகிறது. இதற்காகத்தான் இந்த முறைக்கு முதலிடம் கொடுத்தேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: அந்தப் பொன்னிறச் சிலைகள், தூண்கள் பல, பிளாஸ்டிக்மேல் பெயின்ட்டோ மெல்லிய உலோகப் படலமோ பூசியவை. அசிட்டோன் ஒரு சொட்டுத் தெறித்தாலும் பொன் போய்விடும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிக்கொண்டு, பூசிய பாகங்களை முடிந்தவரை கழற்றி வைத்துவிட்டே தொடங்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம், அசிட்டோன் சட்டெனப் பற்றிக்கொள்ளும்.

அக்ரிலிக் பாகமாக இருந்தால் அசிட்டோன் சரிவராது, நுண்கீறல் விழ வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் அக்ரிலிக் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் குளோரோஃபார்ம் ஓடவிட்டு ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், கொள்கை இதேதான். டைகுளோரோமீத்தேனும் அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் உடம்புக்குக் கெடுதல் என்பதால் அதன் வீட்டுப் பயன்பாட்டை 2024இல் அமெரிக்க அரசு விதி போட்டுத் தடுத்துவிட்டது. இந்த இரண்டையும் வீட்டில் வைத்துக்கொள்ளாமல், அந்தப் பாகத்தை மட்டும் கழற்றி, அக்ரிலிக் வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சூட்டுக்கோலால், அதாவது சால்டரிங் அயர்னால், உருக்கி ஒட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கம்பித் துண்டுகளைச் சூட்டோடு பதித்துத் தையல் போடுவது, ஸ்கூட்டர் பாடி ஒட்டுகிறவர்கள் செய்வதுதான். பலம் உண்டு. மிதக்கும் வகைப் பிளாஸ்டிக் என்றால் நமக்கு மிஞ்சுவதும் இது ஒன்றுதான். ஆனால் இந்த விளக்குகளின் சுவர் மெல்லியது. அயர்ன் ஒரு நொடி கூடுதலாக நின்றால் துளையே விழுந்துவிடும், புகையும் நல்லதல்ல. என் இரண்டாவது விளக்கில் மேல்தட்டைத் தாங்கும் தூணின் உள்பக்கம் மட்டும் இப்படித் தைத்தேன், உறுதியாக நிற்கிறது. எண்ணெய் நிற்கும் தட்டில் செய்யத் துணியவில்லை.

பாகத்தையே முப்பரிமாண அச்சில் புதிதாக எடுத்துவிடலாமே என்றால், எடுக்கலாம், பாகம் துண்டு துண்டாகிப் போயிருந்தால் அதுதான் வழி. இந்த அச்சில் பலரும் பயன்படுத்தும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் மட்டும் அச்சிடாதீர்கள், 60 டிகிரியில் தொய்ந்துவிடும். பல்ப் அருகே வைக்க ஏபிஎஸ் இழைதான் சரி. அடுக்கடுக்காக அச்சாவதால் அடுக்குகளின் இடுக்கில் எண்ணெய் கசியும். உள்பக்கம் முழுவதும் அதே அசிட்டோன் குழம்பைப் பூசினால்தான் அடங்கும்.

எந்த முறையில் ஒட்டினாலும் பல்பை மாற்றிவிடுங்கள். விரிசல்களுக்குப் பாதிக் காரணம் பழைய குண்டு பல்பின் சூடுதான். அதே வெளிச்சம் தரும் எல்இடிக்கு அதில் ஆறில் ஒரு பங்கு மின்சாரம் போதும், சூடும் அந்த அளவுக்குக் குறையும். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் வகையாகப் பார்த்து வாங்குங்கள், வெள்ளை ஒளியில் எண்ணெய்த் துளிகள் உயிரற்றுப் போகும். திருகுகளை இறுக்குவதிலும் கவனம் வேண்டும். என் தட்டில் விரிசல் தொடங்கியதே இறுக்கி முறுக்கிய ஒரு திருகுத் துளையில். இப்போது அதன் கீழே ஒரு மெல்லிய ரப்பர் வாஷர் வைத்து, கை பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கியிருக்கிறேன்.

ஒட்டிய தட்டை உடனே கூரையில் மாட்டிவிடாதீர்கள். மின்சாரம் எதுவும் இல்லாமல் தட்டில் எண்ணெயை மட்டும் ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் டிஷ்யூ பேப்பர் போட்டு இரண்டு இரவு வையுங்கள். தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் போதாது, தண்ணீர் நிற்கும் இடுக்கில்கூட எண்ணெய் மெல்ல ஊர்ந்து வெளியே வந்துவிடும். என் தட்டுக்கு முதல் இரவில் காசு அளவுக்கு ஒரு கறை விழுந்தது. திருகுத் துளையின் உதட்டில் குழம்பு போய்ச் சேரவில்லை. இன்னொரு பூச்சு, இன்னும் மூன்று நாள். அடுத்த முறை இரண்டு இரவும் பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. மூன்றாம் நாள் மாலை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். எண்ணெய் மேலே ஏற ஒன்றிரண்டு நிமிடம் ஆனது. பிறகு முதல் துளி ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.