200 ரூபாய்க்குள் பூப்பரிசு: பொக்கேயா, போசியா, வாழைமரத் துண்டா?

வளைகாப்பு, புதுவீடு, டீச்சர் ரிட்டயர்மென்ட் என்று எதற்காவது கையால் செய்த பூ அலங்காரம் ஒன்று கொடுக்கலாம் என்று நினைத்து யூடியூபைத் திறந்தால், முக்கால்வாசி வீடியோவில் வருவது நீளக் காம்பு ரோஜா, கார்னேஷன், காம்பு குத்தி நிறுத்துகிற பச்சை நுரைக்கட்டி, பளபளப்புத் தாள். அந்த நினைப்போடு நம்ம ஊர்ப் பூக்கடையில் போய் நின்றால் முதல் கேள்வியே வேறு: "உதிரியா வேணுங்களா, கட்டினதுங்களா?" கோயமுத்தூர் பூ மார்க்கெட்டானாலும் சரி, சத்தி என்கிற சத்தியமங்கலமானாலும் சரி, செண்டுமல்லி, செவ்வந்தி, அரளி, சம்பங்கி எல்லாம் எடை போட்டுத்தான் வரும், காம்பு இருக்காது. காம்புப் பூவுக்குக் கடையும் வேறு, விலையும் வேறு. ஆகவே செலவு குறைய வேண்டும் என்றால், காம்பில்லாத பூவை எப்படி நிற்க வைப்பது என்று யோசித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கில்தான் கீழே உள்ளவற்றைப் பார்க்கிறேன்.

முதலில் எல்லோரும் நினைக்கிற பொக்கே. ஓசூர்ப் பக்கத்து ரோஜா பெரும்பாலும் 20 காம்புக் கட்டாக வரும், ஜெர்பரா 10 காம்பு. முகூர்த்த நாள் என்றால் நம்ம 200 ரூபாய் பூவுக்கே காணாது, அப்புறம் நுரைக்கட்டி, தாள், ரிப்பன் எல்லாம் இருக்கிறது. அந்த நுரைக்கட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கி நனைக்கிறார்கள் பாருங்கள், அது தப்பு. மேலே மிதக்க விட்டால் தானாகக் குடித்துக் கீழே இறங்கும். அமுக்கினால் நடுவில் காற்று நின்றுபோய் அந்த இடத்தில் குத்தின பூ சீக்கிரமே தலை தொங்கும். ஒருமுறை காய்ந்துவிட்டால் மறுபடி சரியாகத் தண்ணீர் பிடிக்காது. மக்கவும் மக்காது, தூள் தூளாகிக் குப்பைமேட்டில் கிடக்கும். ஜெர்பராவுக்கு இன்னொரு குணம் உண்டு: ஆழத் தண்ணீரில் வைத்தால் காம்பு அழுகிப்போகும், இரண்டு அங்குலம் தண்ணீர் போதும். கார்னேஷனைச் சீர்த்தட்டில் பழுத்த வாழைச்சீப்புக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள், பழம் விடுகிற எத்திலீன் வாயு பட்டாலே இதழ் சுருங்கிவிடும். போட்டோவுக்கு அழகு, மறுக்கவில்லை. குறைந்த செலவில் செய்ய இது சரிப்படாது, அவ்வளவுதான்.

அடுத்தது போசி, அதாவது கைப்பிடி வைத்த தூக்குப் பாத்திரம். நம்ம பக்கம் எந்த வீட்டுப் பரணை இறக்கினாலும் விசேஷத்தில் வந்த தூக்குப்போசி நாலாவது இருக்கும், ஒன்றை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினால் பூச்சாடி தயார். பூ வாடின பிறகும் போசி அவர்களுக்கு உதவும் என்பதால் பரிசாக இது எனக்குப் பிடிக்கும். ஒன்றே ஒன்று, பக்கவாட்டில் வெட்டியிருக்கிற பெயரைப் படித்துவிட்டு எடுங்கள். அவர்கள் கொடுத்ததே அவர்களுக்குத் திரும்பிப் போனால் பத்து வருஷத்துக்குப் பேச்சு ஓடும்.

வாய் அகலம் என்பதால் பூ எல்லாம் ஓரமாகச் சாய்ந்து நடுவில் குழி விழும். அதற்குப் போசியின் வாயை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, செல்லோ டேப்பை நெட்டுக்கு நாலு, குறுக்குக்கு நாலு ஒட்டிக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிரண்டு காம்பு. என்ன வைக்கலாம்? கோழிக்கொண்டை, குரோட்டன்ஸ் கிளை, மரிக்கொழுந்து, துளசி என்று வாசலிலும் வேலியோரமும் இருப்பதே போதும். சத்திப் பக்கம் சம்பங்கித் தோட்டக்காரர் யாராவது பழக்கம் என்றால் காம்போடு நறுக்கித் தரச் சொல்லலாம், ஆனால் சும்மா கேட்காதீர்கள், ஒரு காம்பை வெட்டினால் அதில் இன்னும் பல நாளைக்குப் பறிக்க வேண்டிய மொட்டு அத்தனையும் அவருக்குப் போச்சு. சம்பங்கி அடியிலிருந்து மேல்நோக்கி மலரும் என்பதால் கீழே இரண்டு பூ விரிந்திருக்கும்போது வெட்டினது அடுத்தடுத்த நாளும் பூத்துக்கொண்டே வரும். ராத்திரி வாசம் தூக்கலாக இருக்கும், தலைவலிக்காரர் வீட்டுக்கு வேண்டாம். தண்ணீருக்குள் போகிற இலையை எல்லாம் உருவிவிட்டு, ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, சில சொட்டு ப்ளீச் சேர்த்தால் போதும். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, ப்ளீச் தண்ணீர் அழுகாமல் இருக்க.

என் ஓட்டு மூன்றாவதுக்கு, வாழைமரத் துண்டு. பவானி, கோபி, சத்திப் பக்கம் தார் வெட்டின மரம் தோட்டத்திலேயே கிடக்கும், கேட்டால் யாரும் காசு வாங்க மாட்டார்கள். ஒரு சாண் உயரத்துக்கு இரண்டு பக்கமும் மட்டமாக நறுக்கி, ராத்திரி முழுக்க ஒரு பழைய தட்டில் நிறுத்தி வையுங்கள், கறை வடியட்டும். வடியாமல் எடுத்து மடியில் வைத்து வேலை செய்தால் அந்தச் சேலையை அதற்கப்புறம் தோட்ட வேலைக்குத்தான் கட்ட முடியும். புது விளக்குமாற்றிலிருந்து தென்னை ஈர்க்கின் தடித்த அடிப்பகுதியை நாலு அங்குலமாக நறுக்கி, ஒரு முனையைச் செண்டுமல்லியின் பச்சை அடியில் குத்தி, மறுமுனையை மரத்தில் ஏற்றுங்கள். மட்டைக்குள் சின்னச் சின்ன அறையாக இருப்பதால் ஈர்க்கு சுலபமாக இறங்கும், பிடித்துக்கொண்டும் நிற்கும். கீழிருந்து வளையமாக ஆரம்பித்து, அடுத்த வரிசையின் பூவை முந்தின வரிசையின் இரண்டு பூவுக்கு நடுவில் உட்கார வைத்தால் மரம் தெரியவே தெரியாது. மஞ்சள் இரண்டு வரிசை, ஆரஞ்சு இரண்டு வரிசை, உச்சியில் கோழிக்கொண்டை ஒன்று. அரை கிலோ பூ சரியாக இருக்கும். விலை ஏறாத நாளில் மொத்தச் செலவு 100 ரூபாயைத் தாண்டாது. மரத்தில் இருக்கிற ஈரமே போதும், மறுநாளும் பூ நிமிர்ந்து நிற்கும். விசேஷம் முடிந்ததும் ஈர்க்கை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டு மரத்தை மாட்டுக்குப் போட்டுவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. கனக்கும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கோபியிலிருந்து திருப்பூர் வரை போகிறவர்களுக்குப் போசியே தேவலை, தண்ணீரைப் போகிற இடத்தில் ஊற்றிக்கொள்ளலாம். அப்புறம், இதைப் பார்த்தால் விசேஷ வீட்டு அலங்காரம் மாதிரி இருக்கும், ஆபீஸ் மேஜைக்குப் பொருந்தாது.

உருளியில் பூ மிதக்க விடுவதைப் பரிசு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தண்ணீரோடு தூக்கிக்கொண்டு போக முடியாது, அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். உள்ளூர்ச் சொந்தம் என்றால் சரி.

வெளியூருக்கு என்றால் காய்ந்த பூ ஒன்றுதான் வழி. வாடாமல்லியைக் காம்போடு வெட்டிச் சின்னக் கட்டாகக் கட்டி, வெயில் படாத இடத்தில் தலைகீழாக இரண்டு வாரம் தொங்க விட்டால் நிறம் அப்படியே நிற்கும். பொக்கேக்காரர்கள் இடையில் செருகுகிற வெள்ளை ஜிப்சிக்குப் பதிலாக, தை நோம்பிக்கு, அதாவது பொங்கலுக்கு, காப்புக் கட்டப் பறிக்கிறோமே பூளைப்பூ, அதையே வையுங்கள். காசும் கிடையாது, காய்ந்தாலும் உருவம் மாறாது. கூடவே ஆவாரம்பூவைச் சேர்க்க ஆசை வரும், அது உதிர்ந்துவிடும், விட்டுவிடுங்கள். பனையோலைப் பெட்டிக்குள் பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு, அதில் காம்பைச் செருகி, மூடியை நூலால் இறுக்கிக் கட்டி அனுப்புங்கள், எந்தப் பக்கம் மேலே என்று எழுதியிருந்தாலும் கூரியர்க்காரர்கள் தலைகீழாகத்தான் வைப்பார்கள்.